சைகோன் போகாத சைகோன் ஃபாத்திமா

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சாப்பிட நல்ல நெம் எங்கே கிடைக்கும் என்று யாரிடம் கேட்டாலும், வழியோடு கொஞ்சம் வரலாறும் சேர்த்துச் சொல்வார்கள். "நேரா போயி தண்ணித் தொட்டிகிட்ட திரும்புங்க. சைகோன் ஃபாத்திமா வூடுன்னு கேளுங்க. அந்தம்மா சைகோன்லயே பொறந்தவங்க. சண்டை நேரத்துல தப்பிச்சு வந்தவங்க." வழியில் பிசகு இருக்காது. வரலாற்றில்தான் பிசகு.

ஃபாத்திமா பிறந்தது அரியாங்குப்பத்தில். ஃபாத்திமா மாதாவின் பெயரை வைத்தது சர்ச் சாமியார். அப்பா கல்லறையில் குழி வெட்டுகிறவர். ஊரில் யாருக்காவது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தால், அப்பாவை முன்கூட்டியே பார்த்து வைப்பார்கள். மற்ற நாட்களில் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்கள். பன்னிரண்டு வயதில் ஃபாத்திமாவை ஒரு பையோடு பஸ்ஸில் ஏற்றி, துய்மா வீதியில் மதாம் லூர்து வீட்டில் வேலைக்கு விட்டார் அப்பா. பன்னிரண்டு நிமிஷப் பயணம். அவள் வாழ்க்கையில் ஊர் விட்டு ஊர் வந்தது அந்த ஒரு முறைதான்.

சைகோனிலிருந்து வந்தது மதாம். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். வந்ததும் ஒன்றும் தப்பித்து ஓடி வந்ததல்ல. விமானத்தில், பதினாலு டிரங்குப் பெட்டி, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு தையல் மெஷின், கிளி இல்லாத ஒரு கிளிக்கூண்டு சகிதம் வந்தார். கூடவே நெம் சுருட்டும் கைப்பக்குவத்தையும் கொண்டு வந்தார். அரிசியில் செய்த மெல்லிய தாளை வெந்நீரில் காட்டி எடுத்து, ஈரத்துணியில் விரித்து, கொத்துக்கறியும் கண்ணாடி சேமியாவும் கறுப்புக் காளானும் வைத்து, விரல் தடிமனில் சுருட்டி எண்ணெயில் போட வேண்டும். தாள் கிழிந்தால் மதாம் கரண்டிக் காம்பால் மணிக்கட்டில் தட்டுவார். இருபத்து மூன்று வருஷம் தட்டினார். அந்த இருபத்து மூன்று வருஷமும் ஃபாத்திமா மாடிப்படிக்குக் கீழே படுத்தாள். 'மதாம்' என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரு முறை வாய் தவறி 'அம்மா' என்று கூப்பிட்டதற்கு, மதாம் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்.

மதாம் போய்ச் சேர்ந்த பிறகு வீடு விலைபோனது. ஃபாத்திமா ஆட்டோ ஓட்டும் விக்டரைக் கட்டிக்கொண்டு முத்தியால்பேட்டைக்கு வந்தாள். கையோடு வந்தது நெம் சுருட்டும் அந்தக் கை மட்டும். கிறிஸ்துமஸுக்கு நாலு வீட்டுக்குச் சுருட்டிக் கொடுத்தாள், நாலு நாற்பதானது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கேமராவோடு ஒருவர் வந்தார், சாப்பிட்டார், கண்ணை மூடினார். "இது எங்கேர்ந்துமா?" என்று கேட்டார். "சைகோன்" என்றாள் ஃபாத்திமா. நெம்மைச் சொன்னாள். அவர் அவளை எழுதினார். 'சைகோனில் பிறந்த ஃபாத்திமா அம்மா' என்று வீடியோவில் பெரிய எழுத்து.

விக்டர் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்துவிட்டு, "இன்னாடி இது, உன்ன நாடு கடத்திட்டாங்க?" என்றார். "திருத்தச் சொல்லட்டா?"

"அடுத்த வாரம் சொல்லிக்கலாம்."

அடுத்த வாரம் ஆர்டர் இரண்டு மடங்கானது. அதற்கு அடுத்த வாரம் ஒரு பெரிய ஓட்டல்காரர் வந்து "மதாம் ஃபாத்திமா" என்று கை குவித்தார். திருத்தும் அந்த அடுத்த வாரம் ஆறு வருஷமாக வரவில்லை.

அவளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நம் ஊரில் வந்தவர்களுக்கு ஒரு வரிசை உண்டு. விமானத்தில் வந்தவர் முதல் வரிசை. கப்பலில் வந்தவர் அதற்கு அடுத்து. படகில் வந்தவர்மேல் இரக்கம் உண்டு, வாடகைக்கு வீடு கிடையாது. ரயிலில் பொதுப்பெட்டியில் வந்தவரைக் கட்டடத்துக்குக் கல் தூக்கச் சொல்லலாம். அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்தவளுக்கு எந்த வரிசையிலும் இடமில்லை. ஒருத்தி முண்டியடித்து முதல் வரிசைக்குப் போய்விட்டாள் என்றால், வரிசை போட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் விக்டர். இன்னொருத்தி யோகேஸ்வரி.

கனகசெட்டிக்குளம் தாண்டி, புதுச்சேரி எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அகதி முகாம் என்ற பெயரை எடுத்துவிட்டு மறுவாழ்வு முகாம் என்று பெயர்ப்பலகை வைத்து வருஷம் சில ஆகிறது. வரிசையில் நின்று கையெழுத்துப் போடுவது பழைய பெயரிலேயே நடக்கிறது. அங்கிருந்து சனி, ஞாயிறு பஸ் ஏறி வந்து ஃபாத்திமாவுக்கு நெம் சுருட்டித் தருகிறவள் யோகேஸ்வரி. ஒன்பது வருஷமாக வருகிறாள். வந்த முதல் நாள் "மேடம்" என்றாள். ஃபாத்திமா கையை உதறினாள். "மேடமும் வேணாம், மதாமும் வேணாம். அந்த வார்த்த எனக்கு ஆகாது. அக்கான்னு கூப்பிடு."

சுருட்டுகிற மேசையில் கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கும். ஒரு மழை நாளில் ஃபாத்திமா கல்லறைக் குழியைச் சொன்னாள், மாடிப்படியைச் சொன்னாள், சைகோன் பொய்யைச் சொன்னாள். யோகேஸ்வரி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தாளை நனைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன்னுடையதைச் சொன்னாள்.

அவளுக்குப் பத்து வயது. மன்னார்க் கரையிலிருந்து படகு. பதினேழு பேர். தம்பிக்கு நாலு மாசம். தூரத்தில் ரோந்துப் படகின் விளக்கு தெரிந்தபோது, ஒரு சத்தம் வரக்கூடாது என்றார் படகுக்காரர். அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் மயக்கம். தம்பி யோகேஸ்வரியின் மடியில். வாயைப் பொத்தினாள். விளக்கு போன பிறகும் பொத்தியிருந்தாள். எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

"கரையில இறங்கித்தான் கையை எடுத்தனான் அக்கா. அவன் அழேல்ல."

அம்மா கடைசிவரை ஒன்றும் கேட்கவில்லையாம். காய்ச்சலில் போனான் என்று எல்லோரிடமும் அம்மாவே சொல்லிவிட்டாளாம். புருஷனுக்குத் தெரியாது. மகள் நிரோஷாவுக்குத் தெரியாது. "உங்களிட்ட மட்டும்தான் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த தாளை எடுத்தாள்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவர் ரகசியத்தை இன்னொருவர் வைத்துக் காத்தார்கள். நல்ல ஏற்பாடு. விழா என்று ஒன்று வராதவரை.

விழாவைக் கொண்டு வந்தவர் அமலநாதன். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு வாரமே 'கூடி வாழ்வோர் சங்கம்' தொடங்கி, வருஷா வருஷம் ஜூன் மாதம் 'வந்தோர் பெருவிழா' நடத்துகிறார். அகதிகளையும் பிழைக்க வந்தவர்களையும் ஊர் கூடிக் கொண்டாடுவது. திபெத்தியர் கடை உண்டு. புதுச்சேரி ஜூன் வெயிலில் ஸ்வெட்டர் விற்பார்கள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் அத்தோ நூடுல்ஸ் போடுவார்கள். பந்தல் போடுவது பீகாரிலிருந்து வந்த ஆட்கள். அவர்களுக்கு ஏன் கடை இல்லை என்று ஒருவர் கேட்டதற்கு, "அவங்க வேலைக்கு வந்தவங்க சார், விழாவுக்கு வந்தவங்க இல்ல" என்றார் அமலநாதன். பதில் தயாராக இருந்ததுதான் ஆச்சரியம்.

இந்த வருஷம் ஒரு புது யோசனை. கடை மட்டும் போதாது. வந்த கதையை மேடையில் சொல்ல வேண்டும். கேட்பவர் நெஞ்சு உருக வேண்டும். அமலநாதன் ஸ்கூட்டரை ஃபாத்திமா வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"போன்ழூர் ஃபாத்திமா! இந்த வருஷம் மேடை உனக்குத்தான்."

"அய்யோ, எனக்குப் பேச வராது முசியே."

"நீ பேசவே வேணாம். நான் அட்டையில எழுதித் தரேன். வணக்கம், சைகோன், நெம், நன்றி. ரெண்டு நிமிஷம்."

"என்னைவிட இவளைப் பேசச் சொல்லுங்க." ஃபாத்திமா உள்ளே திரும்பிக் காட்டினாள். "இவதான் நெஜமா வந்தவ."

அமலநாதன் எட்டிப் பார்த்தார். யோகேஸ்வரி ஈரக் கையோடு எழுந்து நின்றாள். "முகாமா? அது நம்ம ஊர் கணக்குல வராதே, எல்லைக்கு அந்தாண்ட..." என்று இழுத்தார். சிறப்பு விருந்தினர் யார் என்று ஃபாத்திமா கேட்டாள். கமலக்கண்ணன், தனியார் ஆஸ்பத்திரி சேர்மன் என்றார் அமலநாதன். ஃபாத்திமா யோகேஸ்வரியைப் பார்த்தாள்.

காரணம் உண்டு. நிரோஷா நர்சிங் முடித்திருந்தாள். அதே ஆஸ்பத்திரியில் நேர்முகத் தேர்வில் முதலிடத்தில் வந்திருந்தாள். முகாமில் பிறந்தவள், குடியுரிமைத் தாள் இல்லை என்றதும் ஃபைலை மூடிவிட்டார்கள். மூடியவர் நல்ல மனுஷர். "சேர்மன் ஒரு வார்த்த சொன்னா பண்ணலாம்மா, ஆனா அவரை நீங்க எங்க பார்க்கப் போறீங்க" என்று சொல்லியனுப்பினார். இந்தப் பெண் மூன்று மாதமாக ஊசி போடக் கற்ற கையால் முகாமில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கும் ரெண்டு நிமிஷம் குடுத்தாத்தான் நான் வருவேன்" என்றாள் ஃபாத்திமா. அது அவள் செய்த நல்ல காரியம். இந்தக் கதையில் அவள் செய்த ஒரே நல்ல காரியம் என்றும் சொல்லலாம். அமலநாதன் ஒத்துக்கொண்டார். விருந்தினர் மேடையில் பேசியவரிடம் "உங்களுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்பதாக இந்த வருஷம் ஏற்பாடு. கேட்டால் நிரோஷாவின் வேலை மனுவை நீட்ட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

அந்த வாரம் மேசையில் ஒத்திகை நடந்தது.

"முதல்ல வணக்கம் சொல்லு. அப்புறம் படகுல வந்தேன்னு சொல்லு."

"படகு மட்டும் சொல்லுறன் அக்கா. தம்பியைச் சொல்லமாட்டன்."

"அத யாரு சொல்லச் சொன்னா? பொண்ணு படிச்ச கதைய சொல்லு. போதும்."

"நிரோஷா கேட்டுக்கொண்டு இருப்பாள்."

"அதான் சொல்றேன், வேணாம்."

விழா ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்குத் தொடங்கியது. உப்பளம் பக்கத்துத் திடல். யோகேஸ்வரி முதலில், ஃபாத்திமா அப்புறம் என்று அமலநாதன் கையில் இருந்த தாள் சொன்னது. பிரான்ஸிலிருந்து வந்திருந்த சங்கத்தார் நாலு பேர், ஆறு மணிக்கு வேறொரு நிகழ்ச்சி என்றார்கள். அவர்கள் பார்க்க வந்தது சைகோன். தாளில் ஓர் அம்புக்குறி போட்டு, மேலே இருந்ததைக் கீழே இறக்கினார் அமலநாதன். ஓர் அம்புக்குறி, வேறு யாரும் எந்தச் சதியும் செய்யவில்லை.

ஃபாத்திமா மேடையேறினாள். அட்டை கையில் இருந்தது. வணக்கம் சொன்னாள், சைகோன் சொன்னாள், நெம் சொன்னாள். நன்றிக்குப் போவதற்குள் தொகுப்பாளினி குறுக்கே வந்தாள்.

"எப்படி வந்தீங்கம்மா? அந்த நாள் ஞாபகம் இருக்கா?"

அட்டையில் அது இல்லை. ஃபாத்திமா மதாமின் கதையைத் தேடினாள். பதினாலு டிரங்குப் பெட்டியும் கிளிக்கூண்டும்தான் வந்தன. "பிளேன்ல..." என்று ஆரம்பித்தாள். கூட்டத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். மேடை ஓரத்திலிருந்து அமலநாதன், "கொஞ்சம் கஷ்டத்த சொல்லும்மா" என்று கிசுகிசுத்தார். முன்வரிசையில் கமலக்கண்ணன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடிப்படிக்குக் கீழே இருபத்து மூன்று வருஷம் இருந்தது. சொல்லியிருக்கலாம். கஷ்டம்தானே கேட்டார்கள். ஆனால் அந்தக் கஷ்டத்துக்கு மேடை கிடையாது என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் மேடையை விட்டு இறங்க வேண்டும்.

"பிளேன் எல்லாருக்கும் கெடைக்கல. நாங்க படகுல வந்தோம்" என்றாள்.

கமலக்கண்ணன் போனைக் கீழே வைத்தார்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று ஃபாத்திமாவுக்கே சரியாகத் தெரியவில்லை. பதினேழு பேர் வந்தார்கள். ரோந்துப் படகின் விளக்கு வந்தது. மன்னாரைச் சைகோனாக்குவது ஒன்றும் சிரமமாக இல்லை. கடல் எல்லா இடத்திலும் கடலாகத்தான் இருக்கிறது. திடல் நிசப்தமானது. அந்த நிசப்தம் எண்ணெயில் முதல் நெம் விழுந்ததும் வருகிற வாசனை மாதிரி, நிறுத்தவிடாது. நிறுத்த வேண்டிய இடம் அவளுக்குத் தெரிந்தது. அந்த இடம் வந்தது. தாண்டினாள்.

"எனக்கு ஒரு தம்பி. நாலு மாசம். என் மடியில."

நெம் கடைப் பந்தலில் கடாயின் முன்னால் நின்றிருந்த யோகேஸ்வரி நிமிர்ந்தாள்.

"கரையில வந்துதான் கைய எடுத்தேன். அவன் அழல."

முன்வரிசையில் பிரான்ஸ்காரப் பெண்மணி விசும்பினார். அமலநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைதட்டல் உடனே வரவில்லை, வந்தபோது நிற்கவில்லை. கமலக்கண்ணன் எழுந்து, தானே மேடையேறி, சால்வையைப் போர்த்தினார். மைக்கை வாங்கினார்.

"சொல்லுங்கம்மா. உங்களுக்கு நான் என்ன செய்யணும்?"

நிரோஷாவின் மனு ஃபாத்திமாவிடம் இல்லை என்றாலும் நிரோஷாவின் பெயர் இருந்தது. மூன்று எழுத்து. ஆனால் அந்தப் பெயரைச் சொல்வதற்கு யோகேஸ்வரி நின்ற பக்கம் திரும்ப வேண்டும். அவள் திரும்பவில்லை.

"ஒண்ணும் வேணாங்க. இந்த அன்பு போதும்."

இரண்டாவது கைதட்டல் முதலாவதைவிடப் பெரியது.

பிறகு யோகேஸ்வரியைக் கூப்பிட்டார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மனு பையில் இருந்தது. பையின் வாயை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மைக் அவள் உயரத்துக்கு இறக்கப்பட்டது. 'அது என் கதை' என்று ஒரு வரி சொன்னால் போதும், ஃபாத்திமா அன்றோடு முடிந்தாள். ஆனால் மூன்றாவது வரிசையில் நிரோஷா கன்னத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தாள். வேறு ஏதாவது படகைச் சொல்லலாம் என்றால், அந்தத் திடலில் இனி வேறு படகு மிதக்காது.

"எனக்குச் சொல்ல ஒண்டுமில்லை" என்றாள் யோகேஸ்வரி. "அவ சொன்னதே போதும்."

என்ன பணிவு என்று முன்வரிசையில் பேசிக்கொண்டார்கள். கமலக்கண்ணன் இன்னும் ஃபாத்திமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நேரமாகிவிட்டது என்று அமலநாதன் அடுத்து நடனத்தை அறிவித்தார்.

கடைக்குப் பின்னால் நிரோஷா ஓடி வந்து ஃபாத்திமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாவம் அன்ரி நீங்க. இவ்வளத்தையும் மனசுல வச்சுக்கிட்டா சிரிச்சுப் பேசுறீங்க? அம்மா, உனக்குத் தெரியுமா இது?"

யோகேஸ்வரி கடாயின் அடுப்பை அணைத்தாள். "தெரியும்" என்றாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. வா."

விக்டர் ஆட்டோவில் ஃபாத்திமாவை அழைத்து வந்தார். வீட்டுக்கு வந்து சால்வையை எடுத்துப் பார்த்தார். "நல்ல துணி" என்றார். "எங்க வைக்கட்டும்?"

"எங்கனா வை."

"சைகோன்னு சொன்ன, சரி, யாரு குடியும் கெடல. அந்தப் பொண்ணு மூஞ்சப் பார்த்தே தெரிஞ்சுது, அவ தம்பிய எதுக்குடி எடுத்த?"

ஃபாத்திமா கொடியிலிருந்து துண்டை எடுத்தாள். அன்று இரண்டு தரம் குளித்தாள்.

மறுநாள் காலை அமலநாதன் வீட்டுக்குப் போனாள். "நான் சொன்னது என் கதை இல்ல முசியே. நான் அரியாங்குப்பத்துக்காரி." அமலநாதன் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. பொய்யில் அவருக்குக் கோபமே இல்லை. வேறு கவலை இருந்தது.

"விழா அறிக்கை பிரான்ஸுக்குப் போயிடுச்சே ஃபாத்திமா. உன் போட்டோதான் அட்டைப்படம். இப்போ போயி அரியாங்குப்பம்னா, அவங்க அத மேப்புல எங்கன்னு தேடுவாங்க?"

"அவ கதைய நான் எடுத்துட்டேன்."

"யாரு கதையா இருந்தா என்ன, கேட்டவன் அழுதானில்ல. அதுதான் விழா. போயி தூங்கு, போ."

செவ்வாய்க்கிழமை ஃபாத்திமா நிரோஷாவின் சான்றிதழ் நகலோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நேர்முகத் தேர்வுக்காக எடுத்த நகல்களில் ஒன்று அவள் வீட்டு அலமாரியில் இருந்தது. வரவேற்பில் பெயரைச் சொன்னதும் உள்ளே விட்டார்கள். மற்றவர்கள் மூன்று மாதம் தட்டியும் திறக்காத கதவு. கமலக்கண்ணன் எழுந்து நின்று வரவேற்றார். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

உட்காராமலே சொன்னாள். ஒன்று விடாமல். அரியாங்குப்பம், குழி வெட்டும் அப்பா, மாடிப்படி, மதாம். படகு யோகேஸ்வரியுடையது. தம்பி யோகேஸ்வரியுடையவன். இதோ அவள் மகளின் சான்றிதழ். சொல்லி முடித்துவிட்டுத் திட்டுக்காகக் காத்து நின்றாள். தாள் கிழிந்தால் மணிக்கட்டை நீட்டுவாளே, அப்படி.

கமலக்கண்ணன் சான்றிதழைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கண்ணோரத்தைத் துடைத்தார்.

"அந்த அம்மாவோட பொண்ணுக்கு வேலை கெடைக்கணும்னு, உங்க சொந்த துக்கத்தையே அவங்க பேர்ல எழுதிக் குடுக்க வந்துருக்கீங்க. உங்களுக்கு எவ்ளோ பெரிய மனசும்மா."

"அய்யோ சார், நெஜமா சொல்றேன். நான் சைகோன் பார்த்ததே இல்ல."

"புரியுது. அத மறக்கணும்னு நெனைக்கிறீங்க." மணியை அழுத்தினார். "நான் அன்னிக்கு உங்க கண்ணைப் பார்த்தேன்மா. அத யாரும் இட்டுக்கட்டிச் சொல்ல முடியாது."

ஒருவர் வந்து சான்றிதழை வாங்கிக்கொண்டார். குடியுரிமைத் தாள் பற்றி அவர் கேட்க வாயெடுத்தார். "தற்காலிகமா சேர்த்துக்குங்க, பின்னாடி பார்த்துக்கலாம்" என்றார் சேர்மன். மூன்று மாதம் முடியாதது மூன்று நிமிஷத்தில் முடிந்தது. படிவத்தின் கீழே 'சிபாரிசு' என்ற கட்டத்தில் அவரே தன் கையால் எழுதினார்: சைகோன் ஃபாத்திமா அம்மா. குடும்ப உறவு.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். வெளியே வந்து ஆஸ்பத்திரி மதில் ஓரம் ஃபாத்திமா தரையிலேயே உட்கார்ந்தாள். காவலாளி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்து, "டிவில பார்த்தேம்மா உங்கள" என்றார்.

வேலைக்கான கடிதம் வியாழக்கிழமை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. நிரோஷா போனில் அழுதாள், சிரித்தாள், ஆயிரம் நன்றி சொன்னாள். "அம்மாகிட்ட குடு" என்றாள் ஃபாத்திமா. அந்தப் பக்கம் ஏதோ பேச்சு கேட்டது. "அம்மா குழாயடியில நிக்கிறா அன்ரி. அப்புறம் பேசுறாளாம்."

அப்புறம் பேசவில்லை. சனிக்கிழமை வருவாளா என்பதுதான் ஃபாத்திமாவுக்கு இருந்த ஒரே கேள்வி. இருநூறு நெம்முக்கு ஆர்டர் இருந்தது. விழாவுக்குப் பிறகு நல்ல கிராக்கி. "வரமாட்டா" என்று விக்டர் சொன்னார். "நானா இருந்தா வரமாட்டேன்." ஃபாத்திமா விடியலிலேயே எழுந்து தனியாகக் கறி கொத்தினாள், சேமியாவை ஊறப் போட்டாள். மேசையின் எதிர்ப்பக்கத்து ஈரத்துணியை விரிக்கலாமா என்று யோசித்து, விரித்தாள், மடித்தாள், மறுபடி விரித்தாள்.

ஒன்பது மணிக்கு வழக்கமான பஸ்ஸில் யோகேஸ்வரி வந்தாள். செருப்பை வழக்கமான இடத்தில் விட்டாள். கையைக் கழுவினாள். உட்கார்ந்தாள்.

ஃபாத்திமா ராத்திரியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளை எடுத்தாள். "யோகா, நான் சேர்மன்கிட்ட போயி எல்லாத்தையும் சொன்னேன். சத்தியமா சொன்னேன். அவரு நம்பல."

"நிரோஷா சொன்னாள். சொந்தக்காரி எண்டு எழுதியிருக்காம்."

"நான் எழுதச் சொல்லல."

"ஓம்."

"என்னைத் திட்டு. நாலு வார்த்த திட்டிடு."

யோகேஸ்வரி ஒரு தாளை எடுத்து வெந்நீரில் காட்டினாள். அது நெகிழும்வரை காத்திருந்தாள். கிழியாமல் எடுத்து விரித்தாள். கறியை வைத்து, இரண்டு ஓரத்தையும் மடித்து, சுருட்டினாள். ஒரே தடிமன். மதாம் லூர்து இருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டார்.

"பிள்ளைக்கு வேலை வேணும். வெள்ளிக்கிழமையே சேர்ந்திட்டாள்" என்றாள். "நல்ல உடுப்பு குடுத்திருக்கினம்."

அதன் பிறகு பேச்சு வெயிலைப் பற்றியும் பஸ் நேரத்தைப் பற்றியும்தான். ஐம்பதாவது நெம் ஆனபோது கிண்ணத்துத் தண்ணீர் ஆறிப்போய்த் தாள் விறைக்கத் தொடங்கியது. யோகேஸ்வரி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்புப் பக்கம் போகும்போது, முகத்தில் கோபம் ஏதுமில்லாமல், வேலைக்கு வந்தவள் கேட்கிற குரலில் கேட்டாள்.

"தண்ணியைக் கொஞ்சம் சுட வைக்கட்டோ, மதாம்?"

ஃபாத்திமா கையில் இருந்த தாளை விரித்துக்கொண்டிருந்தாள். அது கிழிந்தது.

"வை" என்றாள்.